பத்துக் குத்துக்கு ஒன்பது

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "நல்லபடியா எழுதுங்க மாமா, ஒங்களுக்குத்தானே அம்மாவை முழுசாத் தெரியும்" என்றார் மருமகன், அக்காவின் ஒரே மகன். முழுதாகத் தெரியும் என்பதுதான் எனக்குத் தொல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான். படியேறினால் படிகளை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். நான் பொய்யாகச் சொன்ன எண் ஒன்றே ஒன்று. அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

குளத்தூர் வட்டத்தில் உள்ள இந்த ஊரிலேயே, ஐந்து பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர் அக்கா. நான் நான்காவது. ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் எனக்கு அடுத்தவளுக்கும் சோறூட்ட ஆள் வேண்டியிருந்தது. வாக்கப்பட்டதும் உள்ளூரில்தான். திருமணமான பதினோராம் ஆண்டில் மச்சான் காலமானார். மருமகனுக்கு அப்போது வயது ஏழு. கண்மாய்த் தண்ணீரை நம்பிய இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு அவரைப் பொறியாளராக்கினார் அக்கா.

வேளாண்மைத் துறையினர் ஊரில் நடத்திய வயல்வெளிப் பள்ளியில் பதினான்கு வாரம் போய் உட்கார்ந்தார். வந்தவர்களில் பெண் இவர் ஒருவரே. அங்கே கற்றதை மற்றவர்கள் மறந்தார்கள், அக்கா மறக்கவில்லை. விடிந்ததும் வயலில் குறுக்காக நடந்து, பத்து இடங்களில் பத்துக் குத்து நெல்லை, அதாவது நாற்று நட்ட பத்துக் கொத்துகளை, விலக்கித் தூரைப் பார்ப்பார். மடியில் புளியங்கொட்டை இருக்கும். பூச்சிக்கு வலப்பக்கம், அதைத் தின்னும் சிலந்திக்கு இடப்பக்கம் என்று கொட்டையை ஒதுக்கிக்கொண்டே போவார். கரையேறியதும் இரண்டு பக்கத்தையும் எண்ணிவிட்டுத்தான் பேசுவார். மருந்தே கூடாது என்றவர் அல்லர். கணக்கு மீறியபோது இரண்டு முறை தெளித்திருக்கிறார். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்துவிடுவார். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு, காற்றும் வெயிலும் தூருக்குப் போக வழி வைப்பார். யூரியாவை ஒரே தடவையில் கொட்ட மாட்டார். பூச்சி கூடிச் சிலந்தி குறைந்தால் முதலில் தண்ணீரை வடிப்பார். புதன்கிழமை தோறும் நம் ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் அவர் வரப்பில் வந்து நிற்பார்கள். ஒருமுறை இருபத்தேழு பேர் வரை நான் எண்ணியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் நானும் விவசாயம் பார்க்க வந்தேன். அக்காவின் வயலுக்குக் கீழ்வயல் என்னுடையது. இடைவெளி விடச் சொன்னார். அதனால் எத்தனை குத்து குறையும் என்று பெருக்கிப் பார்த்து, மாட்டேன் என்றேன். அவர் பயிரைவிட என் பயிர் கரும்பச்சையாக இருக்க வேண்டும் என்று யூரியாவையும் ஒரேயடியாக வீசினேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகையில் என் வயலில் புகையான் வந்தது. தூரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பழுப்புப் பூச்சி அது. மிகுந்தால் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். அந்த வாரம்தான் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் வயலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் கையிலிருந்த புளியங்கொட்டைகளை என்னிடம் கொடுத்தார்.

"நீதான்டா தம்பி இப்ப எனக்குக் கண்ணு. ரெண்டு பக்கமும் எண்ணணும். பூச்சிய மட்டும் எண்ணிட்டு வந்துறாத."

நான் பூச்சியை மட்டும் எண்ணினேன். பயந்துவிட்டேன். கடைக்குப் போய் இரண்டு மருந்து வாங்கிக் கலந்து, சீட்டில் எழுதியிருந்ததைவிட ஒன்றரை மடங்கு ஊற்றி, மருந்தடிக்கும் கருப்பையாவைக் கூப்பிட்டு என் வயலுக்கு அடித்தேன். பூச்சி வரப்பைத் தாண்டி வரும் என்று அக்காவின் வயலுக்கும் அடிக்கச் சொன்னேன்.

"அத்தாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமா சார்?" என்றார் கருப்பையா. அக்காவை அவர் கூப்பிடும் முறை அது.

"நான் சொல்றேன்ல, அடிப்பா. வெளிய சொல்லிக்கிற வேணாம்" என்றேன்.

மறுநாள் இறங்கிப் பார்த்தேன். பூச்சி ஆறுதான் இருந்தது. சிலந்தி ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் மிதந்தவற்றை எண்ணத் தொடங்கி, நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன். நான் பாதியில் விட்ட எண்ணிக்கை அது ஒன்றுதான்.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பூச்சி எத்தன?"

"ஆறுக்கா."

"செலந்தி?"

"பத்துக் குத்துக்கு ஒம்பது."

"அப்பப் பயமில்ல, அதுக பாத்துக்கிரும். பூச்சி முட்டைய தண்டுக்குள்ள வச்சிருக்கும்டா, மருந்து அடிச்சாலும் உள்ள போகாது. பொரிச்சு வரையில திங்க ஆள் வேணும்ல? ஒண்ணும் அடிச்சுப்புடாத."

அடித்து முடித்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதன்பின் நான்கு முறை கேட்டார். பூச்சி முப்பதாயிற்று, தொண்ணூறாயிற்று. அதை உள்ளபடி சொன்னேன். சிலந்தியைக் கேட்டபோதெல்லாம் ஒன்பது என்றேன். அந்த ஒன்பதை நம்பித்தான் அவர் தண்ணீரை வடிக்கவும் சொல்லாமல் காத்திருந்தார். பூச்சி பொரித்து வந்தது, தின்ன ஆளில்லை. இருபத்து மூன்றாம் நாள் அக்காவின் வயலில் முதல் வட்டம் தீய்ந்தது. பிறகு என் வயல், பிறகு கீழே பதினொரு வயல்கள்.

தடையை மீறி அக்கா அன்றைக்கு வயலில் இறங்கினார். பத்துக் குத்தையும் விலக்கிப் பார்த்தார். கரையேறியபோது மடியின் இடப்பக்கம் ஒரு கொட்டையும் இல்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கண்மாய்ப் பாசனக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.

"என்னக்கா, ஒங்க செலந்திக எல்லாம் எங்கிட்டுப் போச்சு? பென்சன் வாங்கிட்டு வீட்டுல ஒக்காந்துருச்சுகளா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், நீங்க படிச்சவரு. எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் இன்னொருவர்.

"மேல வயல்லேருந்து வந்துருக்கும்" என்றேன். மூன்றே சொற்கள். மேல்வயல் அக்காவுடையது.

அக்கா எழுந்தார். என் பக்கம் திரும்பவில்லை. "எண்ணுனது நாந்தான். தப்பா எண்ணிட்டேன்" என்றார். அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு சொற்கள்தான்.

"கண்ணு தெரியாத காலத்துல எண்ணுனா அப்புடித்தான்" என்றது ஒரு குரல். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வரப்பில் ஒருவரும் இல்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. அக்காவின் வீட்டுக்குப் 'புகையான் வீடு' என்று பெயர் வந்தது. அடக்கத்தன்று பந்தல் போட வந்த ஆள் என்னிடமே கேட்டார்: "ஐயா, புகையான் வீடு எங்கிட்டு இருக்கு?" நான் கையை நீட்டி வழி காட்டினேன்.

அக்கா படுக்கையில் கிடந்தது பத்தொன்பது நாட்கள். பத்தொன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் தினமும் போனேன். பதினாறாம் நாள் அவரே கேட்டார்.

"நம்ம வயல்ல செலந்தி வந்துருச்சாடா?"

காலையில்தான் எண்ணிவிட்டு வந்திருந்தேன். "பத்துக் குத்துக்குப் பதினொண்ணுக்கா."

"நெசமாவா?"

"நெசந்தான்க்கா."

தலையை மட்டும் அசைத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அப்போதும் நான் கேட்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மருமகனிடம் படித்துக் காட்டினேன். "அம்மா சாகுற வரைக்கும் அந்தப் பேரோட இருந்தாங்களே மாமா" என்றார். பிறகு, "போடுங்க. ஒரு எழுத்தையும் எடுக்க வேணாம்" என்றார்.

அக்காவின் இறுதி நாட்களில் முறை வைத்துக்கொண்டு துணையிருந்த ஆறு பெண்களுக்கும், மழையில் நனைந்துகொண்டு பாடை சுமந்த எட்டுப் பேருக்கும், முப்பது நாள் சடங்குவரை சமைத்துத் தந்த மூன்று வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் வேண்டுகோளுக்காக ஆறு ஆண்டுகளாக வாயைத் திறக்காத கருப்பையாவிடம் நன்றி சொல்வதைவிட மன்னிப்புக் கேட்பதே சரி. அந்தப் பதினொரு வயல்காரர்களிடமும் அப்படியே. உங்கள் பயிர் தீய்ந்தது அக்காவின் கணக்கால் அல்ல, என் கணக்கால்.

எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் வீட்டை இனி யாரும் அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம். பழகிய வாய் சும்மா இருக்காது, எப்படியும் சொல்லத்தான் செய்வீர்கள் என்றால், என் வீடு மேலத்தெருவில் கடைசியிலிருந்து மூன்றாவது.