எல்லைக் கோட்டில் விட்ட இடைவெளி

ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். விசைப்படகுகளுக்கான கடல் வரைபடத்தில் இலங்கை எல்லையை இடைவெளி விட்டுவிட்டு வரும் கோடாகக் காட்டச் சொன்னார் முதலாளி. பத்து பிக்சல் கோடு, ஆறு பிக்சல் இடைவெளி என்று எழுதினேன். நேராகப் போன இடத்தில் ஒழுங்காக வந்தது. வளைவில் மட்டும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு வளைவு என்பது சின்னச் சின்ன நேர்கோடுகள்தான். ஒவ்வொரு துண்டிலும் அந்தச் சனியன் பத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஆறுக்குப் போகுமுன் துண்டே முடிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து எண்ணவைக்க மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் தொண்டியிலிருந்து ஒரு படகுக்காரர் பார்க்க வந்தார். கடலடிப் பாறைகளுக்கு நடுவில் சந்து பார்த்துப் படகை விட்டே பழகியவர். நான் திருத்திய வளைவில், ஓர் இடைவெளிமேல் விரலை வைத்தார்.

"இங்கன கூடிப் போயிரலாம்ல தம்பி?"

முதலாளி என்னை முறைத்தார். விட்டுவிட்டு வரும் கோடு கேட்டதே அவர்தான். ஆறை அழித்துப் பூஜ்யம் போட்டேன். கோடு முழுசாக வந்தது, வளைவிலும்.