வானம் சுற்றி வந்த கைகள்

எங்கள் ஊர்ச் சாலையைத் தோண்டித்தான் தொழிற்சாலைகளுக்கு இணையக் கேபிள் இழுத்தார்கள். எங்கள் வாசலுக்கு அடியிலேயே அது போனது. எங்களுக்கு மட்டும் இணையம் வானத்திலிருந்து, செயற்கைக்கோள் வழியாக வந்தது. ஊரகப் பகுதி என்று அரசு மானியம் கொடுத்து, பஞ்சாயத்துக் கட்டட மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஒன்றையும் கீழே இரண்டு கணினிகளையும் வைத்தது. பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். காலடியில் ஓடுவது எட்டவில்லை, ஆகாயத்தில் மிதப்பது எட்டுகிறது என்று நினைத்தால் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

மதியத்தில் யாரும் வரமாட்டார்கள். டிஷ்ஷின் நிழலில் போய் உட்காருவேன். தூரத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள் வெயிலில் ஏரியாகத் தெரியும். பக்கத்து விடுதிப் பையன்கள் டிஷ்மேல் கம்பெனிச் சட்டைகளைக் காயப் போட்டிருப்பார்கள். "இன்னாபா, மேல கீறவனுக்கு சட்ட அனுப்புறீங்களா?" என்று கத்துவேன். பிறகு அப்படியே கண் சொக்கும். ஊர்ப் பேச்செல்லாம் என் தலைக்கு மேலே ஏறிப்போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவதாகத் தோன்றும்.

உண்மையிலேயே அது இறங்க ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். அது தெரியாதவர்கள் பதில் வரவில்லையென்று மறுபடி ஆரம்பிக்க, இரண்டு பக்கப் பேச்சும் முட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையிடம் "ஹலோ, ஹலோ" என்று சொல்லியே எழுந்து போனவர்கள் உண்டு.

முட்டிக்கொள்ளாமல் பேசியவன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவன்தான். கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் லைனில் நின்றான். "எனக்கு போன் ஒதவாதுக்கா. எம் பொண்டாட்டிக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது" என்றான் முதல் நாளே. ஊரில் உன் அம்மாவிடம் போன் இருக்குமே, அவரைச் சொல்லச் சொல்லலாமே என்றேன். "அம்மாவ நடுவுல வச்சுக்கிட்டு என்னத்தப் பேச?" என்று சிரித்தான். போனில் முகம் பார்த்துப் பேச வழியில்லாத காலம் அது. நல்லவேளை, அவன் ஊரிலும் இதே திட்டத்தில் ஒரு டிஷ் இருந்தது.

வார விடுமுறைதோறும் வருவான். இன்னொரு கணினியில் இருப்பவர்களை அதட்டி எழுப்பிவிட்டு, முழு இணைப்பையும் அவனுக்குத் தருவேன். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்குவாள் திரையில் அவள். சாப்பிட்டாயா? எப்போதும் அதுதான் முதல் கேள்வி. அவன் பதில் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்துக்கொண்டிருப்பதுதானே அவர்கள் பேச்சில் பாதி. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கேமரா அடிக்கடி தலைதொங்கும். நிமிர்த்தப் போகும்போது என் கை மட்டும் அவளுக்குத் தெரியும். பச்சை வளையல், கட்டைவிரலருகே இட்லிக் குண்டான் ஆவியில் வெந்து வெளுத்த தழும்பு. "உங்க கைக்கு வணக்கம் சொல்லுதாக்கா" என்பான்.

அவளை இங்கே கூட்டிவந்துவிட வேண்டுமென்று பென்னலூரில் ஒரு அறை பார்த்துவிட்டான். அவள் அசையவில்லை. "எங்கூர்ல கடைக்காரர்லேந்து கண்டக்டர் வரைக்கும் அவ கை புரியும். இங்க யாருக்குப் புரியும்னு கேக்கா."

அதற்குள் மானியம் நின்றது. டிஷ்ஷைக் கழற்ற நாள் சொல்ல வந்த அதிகாரி, "சுத்தி இத்தினி கம்பெனி வந்துகீது, இன்னும் இன்னாம்மா கிராமம்?" என்றார். "அப்ப அந்தக் கேபிள்ல எங்களுக்கும் ஒரு லைன் குடுங்க சார்" என்றேன். அது கம்பெனிகளுக்கு என்றார். வந்த கோபத்தில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கடைசி முறை வந்தபோது, இனி இப்படிப் பார்க்க முடியாது என்பதைக் காட்டிவிட்டு, வருகிறாயா என்று கேட்டான். வல்லக்கோட்டைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கையைத் தூக்கினாள். மழை பிடித்துக்கொண்டது, படம் அப்படியே உறைந்துவிட்டது. தூக்கிய அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விடவில்லை. மறுநாள் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மாவைக் கேட்கச் சொன்னானாம். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று பதில் வந்தது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றான். "ரயில் ஏறிட்டாளாம்க்கா! எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், லீவு கெடைக்கல." ஊர்க்காரர் ஒருவர் செங்கல்பட்டில் லோக்கல் ரயிலுக்கு மாற்றிவிடுகிறாராம். நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

இறங்கியதுமே அவளை எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோ என் முகத்தைப் பார்த்ததே இல்லை. பையை வாங்கப் போனேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண் முழுக்கப் பயம். நீட்டிய என் கை அப்படியே நின்றது. அவள் பார்வை அதன்மேல் விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, தழும்பை விரலால் தடவினாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பேச்சில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினேன். கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு நேரம் காத்திருக்கத் தயாரானேன். அதற்குள் அவள், இல்லை, பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டாள்.