இரண்டு வாசல் சலவைக்கூடம்

மகன் வருகிறான் என்றால் மடிப்பக்கா முதலில் கட்டில் விரிப்பைத்தான் தேய்ப்பாள். அன்றும் சமையலறை மேசைமேல் பழைய கம்பளியைப் போட்டு, அதன்மேல் வெள்ளை விரிப்பைப் பரப்பி, விரல்நுனியால் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன் தங்கப்போவதில்லை. மத்தியானம் வந்து, சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் காரை எடுத்துவிடுவான். தெரிந்த விஷயம்தான். கை கேட்டால்தானே. ஓட்டல் விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துணிகளையும் மடித்தே ஆயுசைக் கழித்த கை. வருவது மகனா மேஸ்திரியா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் கல்லாக்காரி. கீழ்த்தளத்துச் சலவைக் கடையில் கல்லாவில் உட்காருபவள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இருந்தும் இந்த வீட்டுக்குள் வந்தால் சின்னப்பெண் மாதிரி ஸ்டூலில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவாள்.

"யாருக்குப் பெரியம்மா இவ்வளவு உபசாரம்? ராஜாவா வர்றார்?"

"ராஜா இல்லடி, இன்ஜினியர்."

"ரெண்டும் ஒண்ணுதான். உக்காந்த இடத்துலேர்ந்தே கையைக் காட்டுவாங்க, நாம ஓடணும்."

மடிப்பக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். இருவரும் பேசிக்கொண்டது மடிப்பக்காவின் வீட்டுப் பேச்சில். கல்லாக்காரிக்கு அது தாய்மொழி இல்லை. ஆனால் இந்தத் தெருவில் மடிப்பக்கா அந்தப் பேச்சில் பேச மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

அது ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தத் தெருவில் ஒரே வருஷத்தில் இரண்டு கூட்டம் வந்து இறங்கியது. வந்த திசை வேறு, வந்த காரணம் வேறு. கிடைத்த வேலை மட்டும் ஒன்று. தெருக்கோடியிலிருந்த பெரிய சலவைக்கூடம் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. மடிப்பக்காவின் ஆட்களை முன்வாசலில் விட்டார்கள்: இஸ்திரி, மடிப்பு, மூட்டை கட்டுதல். மற்றவர்களைப் பின்வாசலில்: ஊறவைப்பது, பிழிவது, பாய்லர். யாருக்கு எந்த வாசல் என்று எந்தக் குமாஸ்தா தீர்மானித்தானோ, வெயிலில் வரிசையாக நின்றவர்களைக் கையால் இப்படியும் அப்படியும் பிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர்கள் முன்வாசல்காரர், இவர்கள் பின்வாசல்காரர்.

முன்வாசல்காரர்கள் கையோடு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம் ஆரம்பிப்பது அவர்கள் வழக்கம். அதன் தலைவர் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "நம்ம பிள்ளைங்க இந்த ஊர்க்காரங்க மாதிரியே பேசணும். நாக்குல துளி வாசனை இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயும் ஊர்ப் பேச்சுதான். நம்ம பேச்சு நம்மளோட போகட்டும்." எல்லோரும் கை தட்டினார்கள். மடிப்பக்காவும் தட்டினாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை.

தட்டிவிட்டாள், சரி. ஊர்ப் பேச்சுக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்த ஊர்ப் பேச்செல்லாம் மடிப்பு மேசை மேஸ்திரி கத்தியதுதான். அதை வைத்துத்தான் பிள்ளையை வளர்த்தாள். காலையில் எழுப்பும்போது, "சீக்கிரம், சீக்கிரம், லாரி நிக்குது." சாப்பாடு வைத்துவிட்டு, "இது முடிச்சாதான் அடுத்தது." பரீட்சையில் முதலாவதாக வந்தேன் என்று ஓடிவந்து நின்றவனிடம், "கறை இல்லை. நல்லது. போ." காய்ச்சலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போய், "சூடு ஜாஸ்தி, நிறுத்து!" என்று கத்தினாள். பையன் அழுகையை நிறுத்திவிட்டான். அவனைத்தான் நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் பாவம்.

கொஞ்சுவதற்கு மேஸ்திரியிடம் வார்த்தை இருந்ததில்லை.

அவளும் புருஷனும் தங்கள் பேச்சில் பேசிக்கொள்வது பிள்ளை தூங்கிய பிறகுதான். அவர் மூட்டை கட்டும் பகுதியில் வேலை செய்தவர், வாய் ஓயாதவர். இருவரும் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றபோது இரண்டு பேரும் பிடிபட்ட திருடர்களைப் போல் கப்சிப் ஆகிவிட்டார்கள். அந்தப் பேச்சு பெரியவர்கள் எதையோ மறைக்கப் பேசுவது என்று பையன் எண்ணிக்கொண்டான். அதற்கப்புறம் அது காதில் விழுந்தால் தானே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான். நல்ல பிள்ளை.

பின்வாசல்காரர்களுக்குச் சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை. பிள்ளைகளோடு தங்கள் பேச்சிலேயே சண்டை போட்டார்கள், கொஞ்சினார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் திருதிருவென்று முழித்தன. பாய்லரில் நிலக்கரி தள்ளியதால் பாய்லரக்கா என்று பேர் வாங்கியவளின் மூத்த பையன் கணக்கில் புலி. ஆனால் கேள்வி என்ன என்று புரிந்தால்தானே விடை எழுதுவான்? கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து நேராகத் துணி வேனின் ஸ்டியரிங்குக்கு வந்தான், இன்னும் இறங்கவில்லை. பாய்லர் வெக்கையில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாமல் அவள் தன் கடைசிப் பெண்ணை மட்டும் மடிப்பு மேசைக்கு அடியில் படுக்கப்போட்டுவிட்டுப் போவாள். மேசைக்கு மேலே முன்வாசல்காரிகள் நாள் பூராவும் ஊர்வம்பு பேசுவார்கள். அதைக் கேட்டே வளர்ந்தது குழந்தை. அதுதான் இந்தக் கல்லாக்காரி. மடிப்பக்காவின் சொந்தப் பிள்ளை அந்த நேரத்தில் டியூஷனில் இருந்தான்.

சலவைக்கூடத்தை மூடி வெகுகாலம் ஆகிறது. முன்வாசல் பிள்ளைகள் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு தோட்டம் வைத்த வீட்டில் இருக்கிறார்கள். பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் போனார்கள், மற்றவர்களை மண் எடுத்துக்கொண்டது. சங்கக் கட்டடத்தில் இப்போது யாரோ சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறார்கள். பின்வாசல்காரர்கள் தெருவை விட்டு நகரவில்லை. பழைய இயந்திரங்களை வாங்கிச் சின்னச் சின்னக் கடைகளாகப் போட்டார்கள். ஒரே வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரு குளியலறை, தினம் ஒரு ரகளை.

போன வருஷம் பல்கலைக்கழகத்தில் யாரோ இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்து, அது பத்திரிகையிலும் வந்தது. ஒன்று ஏறிவிட்டதாம், ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். கல்லாக்காரி இரண்டு கிழவிகளுக்கும் அவரவர் பேச்சில் படித்துச் சொன்னாள், ஒருத்தி பேசியதை மற்றவளுக்கும் மாற்றிச் சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேரையும் தராசுல வச்சிருக்காங்கடி," என்றாள் பாய்லரக்கா. "என் பக்கம்தான் தாழ்ந்திருக்கும், பாரு என் உடம்பை!"

மடிப்பக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. பாய்லரக்கா மறுபடியும் பேசினாள். "நீ சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. உனக்கு வேணும்னா என் மூணையும் எடுத்துக்கோ, உன் ஒண்ணைக் குடு. என் மூத்தவன் வேன்ல உக்காந்து இன்னும் நம்பர் பிளேட்டை எல்லாம் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்கான். என்னால பாக்க முடியல."

கீழே கடையிலிருந்து பேரப்பிள்ளைகள் பாட்டியை ஏதோ சொல்லிக் கேலி செய்தன. அவளும் பதிலுக்கு வசவு விட்டபடியே படியிறங்கினாள். அந்த வசவு காதில் விழவிழ மடிப்பக்காவுக்குப் பசி எடுப்பது போல் இருந்தது.

மகன் இப்போது வருவது ஒரு பதில் வாங்கிப்போக. அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவளுக்கென்று அறை தயாராக இருக்கிறது. படியேற வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் செடிகள். மருமகளும் நல்லவள். போகவேண்டும் என்று மடிப்பக்காவுக்கு உயிர் துடித்தது. ஆனால் போனில் அவன் கேட்கும்போதெல்லாம் வாயில் வந்தது மேஸ்திரிதான்: "பாக்கலாம். இப்ப இல்ல. அடுத்தது."

அதனால்தான் கல்லாக்காரியிடம் கேட்டாள்.

"அவன் வந்தா நீயும் வந்து உக்காருடி. நான் நம்ம பேச்சுல சொல்றேன். நீ அவனுக்கு ஊர்ப் பேச்சுல சொல்லு."

கல்லாக்காரி காலாட்டுவதை நிறுத்தினாள். "பெத்த பிள்ளைகிட்ட பேச நான் எதுக்கு?"

"உன்னை விட்டா யாரு?"

"சரி. ஆனா ஒண்ணு. கடைக்கு வர்ற சட்டை மாதிரிதான். வாங்கினதை அப்படியே திருப்பிக் குடுப்பேன். நடுவுல நான் போட்டுப் பாக்க மாட்டேன்."

மகன் சொன்ன நேரத்துக்கு வந்தான். நெற்றி ஏறியிருந்தது, தொப்பை லேசாக எட்டிப்பார்த்தது. அப்பாவின் நடை அப்படியே. சாப்பிட்டான். எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னான். அவனுடைய ஊர்ப் பேச்சு சலவைக்கு அனுப்பி வாங்கியது மாதிரி அவ்வளவு சுத்தம். கல்லாக்காரி எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னதும் கொஞ்சம் நெளிந்தான்.

"அம்மா, என்கிட்ட நேராவே சொல்லலாமே."

"நேரா வராது," என்றாள் மடிப்பக்கா ஊர்ப் பேச்சில். பிறகு கல்லாக்காரி பக்கம் திரும்பி, வீட்டுப் பேச்சில் ஆரம்பித்தாள்.

முதலில் கனமாக எதுவும் வரவில்லை. இத்தனை காலம் கேட்க முடியாத சில்லறைக் கேள்விகள்தான் முண்டியடித்தன.

"அம்மா கேக்குறாங்க," என்றாள் கல்லாக்காரி, "தலைமுடியை ஆபீஸ்ல அடமானம் வச்சிட்டீங்களான்னு."

மகன் திடுக்கிட்டான்.

"உங்க கல்யாணத்துல சம்பந்தியம்மா கட்டியிருந்த துணி, அதை இஸ்திரி போட்டவனை இன்னும் தேடிக்கிட்டிருக்காங்களாம். கையில கிடைச்சா விட மாட்டாங்களாம். அப்புறம் உங்க பாஸோட போட்டோவைக் காட்டினீங்கல்ல, அவர் மூஞ்சி ஊறவச்சுப் பிழிய மறந்த தலையணை உறை மாதிரி இருக்காம்."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அம்மா இவ்வளவு வேடிக்கையா பேசுவாங்களா?"

"அம்மாவா?" என்றாள் கல்லாக்காரி. "நான் மாத்திச் சொன்னா தெருவே வயித்தைப் பிடிச்சுக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகனின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மடிப்பக்கா நாற்காலியை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கல்லாக்காரியைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்தே பேசினாள். தன் பேச்சில்.

"உங்கப்பா ஆஸ்பத்திரியில கடைசியா உன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினார்ல, அது வலியில பினாத்தினது இல்லடா. தெளிவாத்தான் இருந்தார். அன்னிக்குக் காலையிலதான் என்கிட்ட சொன்னார், 'இன்னிக்கு அவன்கிட்ட நம்ம பேச்சுலயே பேசப்போறேன், சங்கத்துக்காரன் வந்து என்னத்தப் புடுங்கிடுவான்'னு. நான் ஃபிளாஸ்க்ல வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன். நீ பயந்து போயிட்ட. வலிக்குதாப்பான்னு கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு நர்ஸைக் கூப்பிட்ட. அவ ஊசி போட்டுத் தூங்க வச்சிட்டா. நான் வர்றதுக்குள்ள தூங்கிட்டார், அப்புறம் கண்ணே முழிக்கல. அவர் என்ன பேசினார்னு எனக்கும் தெரியாது. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ராசா."

கடைசி வார்த்தையை அவனிடம் அவள் சொன்னதே இல்லை. தொட்டிலில் கிடந்தபோதுகூட. இப்போது சொன்ன பிறகு அவளுக்கே அது வாய்க்குள் புதிதாக இருந்தது.

"உன் வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு. அந்த ஜன்னல், செடி, உன் பிள்ளைங்க, எல்லாத்தையும் தினம் நினைச்சுப் பாக்கறேன். ஆனா நானும் ஒருநாள் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிப்பேன். பேசாம இருக்க என்னால முடியாதுடா, எனக்கு வாய் ஜாஸ்தி. அன்னிக்கு நீ யாரைக் கூப்பிடுவ?"

கீழே இயந்திரம் துணியை உருட்டிக்கொண்டிருந்தது.

மகன் கல்லாக்காரி பக்கம் திரும்பினான். "அப்பான்னு சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை தெரியும். அப்பாவைப் பத்தி என்ன சொன்னாங்க?"

கல்லாக்காரி வாயைத் திறந்தாள். ஊர்ப் பேச்சில் அந்த வாக்கியங்களுக்கு எல்லாம் வார்த்தை இருந்தது. அவளுக்கு அவை தெரியும், வரிசையாக வந்தும் நின்றன. அவள் மடிப்பக்காவைப் பார்த்தாள். மடிப்பக்கா இவளைப் பார்க்கவில்லை. மகனின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், மேசைமேல், தன் கையை வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றான் மகன். குரல் மாறியிருந்தது. "அம்மா என்ன கேட்டாங்க?"

இது தன் கையால் திருப்பிக் கொடுக்கிற சட்டை இல்லை, அவர்களே பேசிக்கொள்ள வேண்டியது என்று கல்லாக்காரி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இருவருக்கும் பின்னால் குனிந்து கடந்து, கதவைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.