கொழுந்து லோரி மெட்டு

என் வீட்டுக்காரரும் நானும் சண்டை போடாத நாள் கிடையாது. பெரும்பாலும் சீனிக்காகத்தான். தேத்தண்ணீரில் அவருக்குச் சீனி தூக்கலாக வேண்டும். இனிப்பு நீர் வியாதிக்காரருக்கு நான் அரைக் கரண்டிக்கு மேல் போடமாட்டேன். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, சீனியே போடாமல் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில்தான் "தா... தா..." என்பதோடு நின்றது. சண்டையில்லாத அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் இசை சிகிச்சை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முந்திரிக்கொட்டை மாதிரி நான் வீட்டிலேயே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டேன். காலையில் சாமிப் பாட்டு, மாலையில் பழைய சினிமாப் பாட்டு, தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிகிச்சைக்குப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். சிகிச்சை கொடுக்கும் பெண் சிரித்துவிட்டாள்.

"கேட்டா மனசுக்கு சொகமா இருக்கும்லா ஆண்ட்டி. பேச்சு வரணும்னா அங்கிள்தான் பாடணும்."

மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டாலும், பாட்டு வரும் வழி பலருக்குத் தப்பித்துவிடுமாம். கேட்பது புரிந்தும் சொல் வராமல் தவிக்கிற இவரைப் போன்றவர்களுக்கு அது உதவுமாம். எல்லோருக்கும் பலிக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, "அங்கிள் வாய்விட்டு எதையாச்சும் பாடுவாரா?" என்று கேட்டாள்.

பாட்டா, இவரா? கோயில் பஜனையிலேயே வாயசைத்து ஏமாற்றுகிறவர். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவு வந்தது. இவர் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டியவர். கொழுந்து மூட்டை ஏற்ற வண்டியை நிறுத்தியதும், மலைச்சரிவைப் பார்த்து நீட்டி முழக்கி ஒரு கூப்பாடு போடுவார். அந்தச் சரிவில் கொழுந்து பறித்தவர்களில் நானும் ஒருத்தி. வெட்கத்தை விட்டு அப்படியே கத்திக் காட்டினேன்.

"கொழுந்து ஏத்தலாம் வாங்கோ...!"

அவர் தலை நிமிர்ந்தது. அந்தப் பெண் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்டியபடி என்னோடு சேர்ந்து பாடினாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் "வாங்கோ" முழுசாக வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தைகளை மாற்றினோம். "தண்ணி குடிக்கலாம் வாங்கோ", "வெளிய போகலாம் வாங்கோ." வீட்டிலும் தினமும் இதே வேலை. நாங்கள் எடுத்துக் கொடுத்தால் பாடுவார். தானாக எதுவும் சொல்லமாட்டார். இவ்வளவுதானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் அவர் முன்னால் தேத்தண்ணீரை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன். பின்னால் மேசை தட்டும் சத்தம் கேட்டது.

"சீனி... போடலாம்... வாங்கோ!"

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவராகவே சொன்னது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அதே மெட்டில் கத்தினேன்.

"சீனி கெடையாது போங்கோ!"

கோப்பையைத் தள்ளிவிட்டு என்னை முறைத்தார். அப்பாடா, சண்டை ஆரம்பித்துவிட்டது.