மந்தையோரத்துக் குளியலறை

"சமாளிச்சிருவியாம்மா?" என்று கேட்டார், மதுரையில் ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் என்னை நேர்முகம் செய்த மேலாளர். "வீட்டுல நீதான் மொதமொதப் படிச்ச புள்ள போல. வெளிநாட்டுலருந்து வர்ற அந்தம்மா பேசுற இங்கிலீஷ் வேற மாதிரி இருக்கும்." "சமாளிச்சிருவேன் சார்" என்று தலை நிமிர்த்திச் சொன்னேன். சொன்னபடியே சமாளித்தேன். அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் என் விடுதி அறை மூலையில் இருக்கும் நீல வாளியின்மேல் கண் போய்விடுகிறது. மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒருநாளும் அதில் தண்ணீர் பிடித்ததில்லை.

அது, நான் அக்கா என்று கூப்பிட்டவரின் வாளி. கென்யாவிலிருந்து ஓராண்டுத் தன்னார்வப் பணிக்காக, மேலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவர். அவர் பேசுவதைத் தமிழிலும் ஊர் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. வந்த முதல் வாரமே, வயல் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போன பெண்களோடு அவரும் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் அம்மா அவருக்கு முதுகு தேய்த்துவிட்டாள். மோட்டார் ஓடாத நாட்களில் பெண்கள் குளிக்க இடமில்லாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கென்று ஒரு குளியலறை கட்ட வேண்டும் என்றார். ஆண்கள் மரத்தடியில் கூடும் ஊர் மந்தையில்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் பக்கத்திலேயே கட்டலாமா என்று கூட்டத்தில் கேட்டார். பெண்கள் தலையாட்டினார்கள்.

அவர் போனதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏ புள்ள, மாமனாரு கொழுந்தன்னு அம்புட்டுப் பேரும் சீட்டு வெளையாண்டுக்கிட்டு இருக்கையில, வாளியையும் மாத்துச் சீலையையும் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது?" என்றாள் சின்னம்மா. "போறதாவது பரவால்ல, ஈரத் தலையோட திரும்பி வரணும்ல. ஒம் மாமனாரு கையில இருக்க சீட்டெல்லாம் கீழ கொட்டிரும்!" என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இத அவகிட்டச் சொல்லிராத. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்த புள்ள, மொகம் வாடிப்போகும்" என்றாள்.

மறுநாள் அக்கா கேட்டபோது, எல்லோருக்கும் சம்மதம் என்றேன். அம்மா சொன்னதற்காக மட்டும் அல்ல. கட்டி முடித்தால் பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நான் மொழிபெயர்த்த முதல் திட்டம் அது. அது என் வாயால் நின்றுபோவதற்கு என் கர்வம் இடம் தரவில்லை.

அக்கா சித்தாள்களோடு சேர்ந்து செங்கல் சுமந்தார். திறந்த அன்று உள்ளே சோப்புகளை வரிசையாக அடுக்கினார். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காலைதோறும் நீல வாளியோடு படியில் உட்கார்ந்து காத்திருந்தார். பெண்கள் அவரைக் கண்டால் அன்பாகச் சிரித்துவிட்டு, பின்சந்து வழியாகப் பம்புசெட்டுக்குப் போனார்கள். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் தொட்டுக் கட்டிய சுவர் என்பதாலா? என் நிறத்தினாலா? உன் அம்மா என் முதுகைத் தேய்த்தவர், அவர்கூட ஏன் வரவில்லை?" அந்த ஆங்கிலத்தில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

உண்மையைச் சொன்னால் முன்பு சொன்னது பொய் என்றாகிவிடும். "நடவு முடிஞ்சதும் வருவாங்கக்கா" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நிறம்தான் காரணம், தன் மனம் நோகாமல் இருப்பதற்காகத்தான் நான் மழுப்புகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆண்டு முடியும் முன்பே கிளம்பிவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. மரியாதையாக நின்றார். வாளியை என்னிடம் கொடுத்து, "உனக்குப் பயன்படும்" என்றார்.

குளியலறையில் இப்போது உர மூட்டைகள் கிடக்கின்றன. போன ஞாயிறு ஊருக்குப் போனவள், அக்கா அன்று கேட்டதை முதல்முறையாக அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அப்படியா நெனச்சுக்கிட்டுப் போனா? அந்த முதுகத் தேச்சவடி நான்." வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "சொல்லாதன்னது நாந்தேன். அவ அப்படிக் கேட்ட பெறகும் வாய மூடிக்கிட்டு இருந்தது நீயி" என்றாள்.

அங்கேயே கைபேசியை எடுத்து அவளைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். கீழே ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதினேன்: மந்தை, மாமனார், சீட்டு, ஈரத் தலை எல்லாவற்றையும். "எம் மக ஒங்கிட்ட மறச்சுட்டா தாயி" என்று அவள் கடைசியில் சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். இந்த முறை சமாளிக்கவில்லை.

என்னிடம் இருந்த எண் இன்னும் அக்காவுடையதுதானா என்று தெரியாது. இதுவரை பதில் இல்லை. வாளி மூலையில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. ஆனால் அனுப்பிவிட்டேன்.