உங்க ஆளுதானுங்க

யுத்த காலத்தில் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போன, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ் நடுவெயிலில் நின்றுவிட்டது. என் பக்கத்தில் இருந்தவர் நெட்டையான மனிதர். எதைப் பேசுவதற்கு முன்னும் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவார். முன் இருக்கையில் ஒரு கர்ப்பிணி மயங்கிச் சரிந்தாள். அவர் தம் செம்புத் தண்ணீரை நீட்டினார். அவளுடைய மாமியார் தடுத்தாள்.

"நீங்க என்ன ஆளுங்க?"

அவர் தலைப்பாகையைத் தொடவே இல்லை.

"உங்க ஆளுதானுங்க. குடுங்க."

மருமகள் குடித்தாள், கண் திறந்தாள்.

பஸ் கிளம்பியதும் நான் மெல்லக் கேட்டேன்: "நெசந்தானுங்களா?"

"அந்தப் புள்ள பொழச்சிருச்சு. உங்களுக்கு இன்னும் என்னங்க வேணும்?" என்றார்.

ராசிபுரத்தில் இறங்கிப் போய்விட்டார். ஊர் வந்து சேரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் என்ன ஆளாக இருப்பார் என்றே மனம் துழாவிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அது நின்றபாடில்லை.