கண்ணாடியக்கா நீட்டிய கை

கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் கண்ணாடியக்காவைத் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கடை அவருடையது. பார்வையைச் சோதிப்பவரும் அவரே, சாணைச் சக்கரத்தில் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துபவரும் அவரே. "இந்த ஃபிரேம் எனக்கு நல்லா இருக்கா?" என்று யாராவது கேட்டால், "ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு, முகம்தான் கொஞ்சம் ஒத்துழைக்கணும்" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள்கூட அடுத்த கண்ணாடிக்கு அவரிடம்தான் வந்து நின்றார்கள்.

தம்பி பேச்சை எடுத்தால் மட்டும் அந்தக் கிண்டல் காணாமல் போய்விடும். ஒரே தம்பி, மலேரியா ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. "கொசுவோட எச்சில் சுரப்பியை ஊசி முனையில பிரிச்சு எடுத்துடுவான்" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தம்பி முகம் வாடி வந்து சாப்பிட உட்கார்ந்தான். கொசுவைக் கடிக்கவிட்டே மலேரியாவைத் தடுக்கும் புது முறையை முதல்முறையாக மனிதர்களிடம் சோதிக்கப் போகிறார்கள். பேர் கொடுத்தவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்.

"கொசுக்கடி வாங்கவா ஆள் கிடைக்கல? எங்க தெருவுக்கு வா, கூலி வாங்காம தினமும் கடி வாங்கறோம்."

"விளையாடாதேக்கா. இது நாங்க வளர்த்த கொசு. அதுக்குள்ள இருக்கற கிருமியும் நாங்க மாத்தினது." தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். "கடிச்சதும் கிருமி நேரா ஈரலுக்குப் போகும். ஒரு செல்லுக்குள்ள புகுந்து, தன்னைச் சுத்தி ஒரு பை கட்டிக்கிட்டு, அதுக்குள்ளதான் ஆயிரக்கணக்கா பெருகும். அப்புறம்தான் ரத்தத்துக்கு வந்து காய்ச்சல். அந்தப் பையைக் கட்டறதுக்கு வேணுங்கற ரெண்டு புரதத்தை எடுத்துட்டோம்."

"அப்ப அது உள்ள போயும் குடித்தனம் பண்ண முடியாது."

"அதேதான்! அங்கயே செத்துடும். ஆனா உடம்பு அதை அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கும். நாளைக்கு நிஜக் கிருமி வந்தா விடாது."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"உன்கிட்ட பொய் சொல்வேனாக்கா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுவாரம் கண்ணாடியக்கா ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர்ந்த அறையில், வலை கட்டிய காகிதக் குவளையின்மேல் முன்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கொசுக்கள் முட்டி முட்டிக் கடித்தன. "நல்லா சாப்பிடுங்க, வீட்டுச் சாப்பாடு" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி சிரிக்கவில்லை. வேலைக் கவலை என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, சக்கரத்தில் ஒரு கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது திடீர்க் குளிரில் கை உதறியது. விளிம்பு பிளந்து கண்ணாடி வீணானது. அதற்குள் பல் கிட்டித்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் ஆராய்ச்சிக்கூடத்தின் மருத்துவப் பிரிவில் சேர்த்தார். ரத்தத்தில் கிருமி இருந்தது. அவருக்கு மட்டும்தான், மற்ற எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். உடனே மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தாலும், "பாவம் தம்பி, இத்தனை வருஷ உழைப்பு என்னால கெட்டுப்போச்சே" என்றுதான் அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபின் தம்பி மனைவி ரொட்டியும் பழமுமாகப் பார்க்க வந்தார். வந்தவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"அட, நான்தான் பொழைச்சுட்டேனே, எதுக்கு அழறே?"

"அண்ணி, அந்த ஆள் குறைஞ்சப்போ நான் பேர் தரேன்னு சொன்னேன். அவர் வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

"லேப்ல வளர்த்த ஈரல் செல்லுல ஒண்ணு ரெண்டு கிருமி தப்பிச்சு வளருது, உனக்கு எதுக்கு வம்புன்னாரு. சோதனையை நடத்தற டாக்டரம்மாகிட்டகூட அதை இன்னும் சொல்லலையாம். சொன்னா சோதனையை நிறுத்திடுவாங்களாம். உங்ககிட்ட வருவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி."

கண்ணாடியக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சலில்கூட அப்படிக் குளிரவில்லை.

மறுநாள் தம்பி வந்தான். அக்கா அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரொம்ப அபூர்வம்கா. வந்தாலும் மாத்திரையில போயிடும்னு எனக்குத் தெரியும்."

"அவ்வளவு அபூர்வம்னா உன் பெண்டாட்டியை ஏன் தடுத்தே?"

தம்பி கிளம்ப எழுந்தான்.

"என்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் கையை நீட்டியிருப்பேன்டா. உனக்காக நீட்டியிருப்பேன். அதுகூட உனக்குத் தெரியலையே."

நடமாட முடிந்ததும் கண்ணாடியக்கா சோதனையின் தலைமை டாக்டரம்மாவை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னார். சோதனை நின்றது. தம்பியை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சித்தப்பா ஃபோனில் குதித்தார்: "கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுத்துட்டியே!" அக்கா, "ஆமா சித்தப்பா, இன்னொருத்தர் கையை நீட்டறதுக்குள்ள கொடுத்துட்டேன்" என்று ஃபோனை வைத்தார். அன்று கடையைத் திறக்கவில்லை.

பல மாதம் கழித்து டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். கிருமியிலிருந்து மூன்றாவதாக இன்னொரு புரதத்தையும் எடுத்துவிட்டார்களாம். இப்போது ஈரல் செல்லில் ஒன்றுகூடத் தப்பவில்லையாம். அக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. இதை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது தம்பி முகம்தான் வந்தது. அங்கேயே மனசு நின்றுவிட்டது.

தம்பி மனைவி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். தம்பி வருவதில்லை. வந்தால் கதவைத் திறப்போமா என்று கண்ணாடியக்காவுக்கே இன்னும் தெரியவில்லை.